ஏரிக்கரையில் ஓவிய நடை நடத்துவது எப்படி: கடிதத்திலிருந்து கிராம சபை வரை

போன கார்த்திகையில் தொடங்கி மாசி வரை, மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருபது பேரை உட்காரவைத்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வரையவைத்தோம். இதைத்தான் ஓவிய நடை என்கிறேன். நானும் ஓவிய ஆசிரியரான என் தோழியும் சேர்ந்து செய்த வேலை. வரைவதைவிட அதற்கு முன்னால் அலைந்த அலைச்சல்தான் அதிகம். யாரிடம் கேட்பது, என்ன கடிதம் கொடுப்பது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆளே இல்லை. உங்கள் ஊரில் இதைச் செய்ய நினைக்கிறீர்கள் என்றால் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதற்காக வரைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். நத்தைகுத்தி நாரையை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும் என்பது, அதை வரைய உட்கார்ந்த அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. கோடு போட்டால் அலகு சேரவே இல்லை. தப்பாக வரைகிறேன் என்று நினைத்து மூன்று தடவை அழித்தேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "அது அப்படித்தாம்மா இருக்கும், நத்தையைப் புடிக்கத்தான்" என்றார். அந்த ஒரு இடைவெளியிலிருந்து நத்தை, நத்தையிலிருந்து சேறு, சேற்றிலிருந்து தண்ணீர் மட்டம் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. இதற்காகத்தான் வரைய வேண்டும்.

1. முதலில் உங்கள் ஊர் ஏரியையே தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு, நேராக வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுவது. இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடங்கள், அழகானவை, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டுமே வனத்துறையின் கையில் இருப்பவை. வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிளியும் சரணாலயங்கள் என்பதால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழுதாகப் பொருந்தும். குழுவாகப் போய் நிகழ்ச்சி நடத்த முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, நினைத்த இடத்தில் உட்கார முடியாது. அதைவிட முக்கியம், மாதம் இரண்டு தடவை அதே இடத்துக்குப் போக உங்களால் முடியாது. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் இரை தேடி வருவது சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால் அந்தப் பறவைகள் ஏற்கெனவே உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றன.

ஏரி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நடந்து போகும் தூரம், கரையில் நிழல், தண்ணீருக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதளம், இவ்வளவு போதும். மதகும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கலும் பார்க்கக் கிடைத்தால் ரொம்ப நல்லது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று வரைந்தே புரியவைக்கலாம்.

2. ஏரி யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இதை அலட்சியமாக விட்டதால் எனக்கு மூன்று வாரம் போனது. கடிதத்தைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பதில் வரும் வரும் என்று காத்திருந்தேன்.

பொதுவான கணக்கு இதுதான். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் இருக்கும் ஏரிகள் நீர்வளத்துறையின் பராமரிப்பில் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். குளம், குட்டை, ஊரணி பெரும்பாலும் ஊராட்சியிடம். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அந்தந்த அலுவலகத்திலும் கேட்க வேண்டியிருக்கும். ஏரியின் அளவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆயக்கட்டு என்பது பாசனம் பெறும் நிலத்தின் அளவு. சின்னதாகத் தெரிகிற ஏரிக்கும் பெரிய ஆயக்கட்டு இருக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புல எண் கிடைத்துவிட்டால் தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் அ-பதிவேடு விவரத்தை, அதாவது அந்த நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதை ஒரு பிரதி எடுத்துக் கடிதத்தோடு இணைத்தால் அலுவலகத்தில் எந்த ஏரி, எங்கே இருக்கிறது என்ற கேள்வியே வராது.

3. கடிதங்கள்

முதல் நடைக்கு 45 நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள். நீர்வளத்துறை ஏரி என்றால் பிரிவு அலுவலகத்தில் இருக்கும் உதவிப் பொறியாளருக்கு, ஒன்றிய ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. எதுவாக இருந்தாலும் ஒரு பிரதி ஊராட்சித் தலைவருக்கு. அந்தப் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலருக்கு எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதி காவல் நிலையத்துக்கு, தகவலுக்காக.

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தேதிகள், நேரம், எத்தனை பேர், கரையின் எந்தப் பகுதி என்று எழுதுங்கள். அதற்கடுத்து என்னவெல்லாம் செய்ய மாட்டோம் என்பதைத் தனிப் பத்தியாகப் போடுங்கள்: தண்ணீரில் இறங்க மாட்டோம், ஒலிபெருக்கி இல்லை, தீ மூட்ட மாட்டோம், பந்தல் இல்லை, விற்பனை இல்லை, ட்ரோன் இல்லை. எங்கள் கடிதத்தில் அதிகாரிகள் நிதானமாகப் படித்தது அந்தப் பத்தியைத்தான்.

எப்போதும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு பெறப்பட்டது என்ற முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை போட யாரும் இல்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இரண்டு வழி. பள்ளி மூலமாகக் கூட்டிப் போவது என்றால் கல்வித்துறை அனுமதி வேண்டும், அதைத் தலைமையாசிரியர்தான் கேட்க வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தேசிய பசுமைப் படை பொறுப்பாசிரியர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள், பாதி வேலையை அவரே செய்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையில் பெற்றோர் தாங்களாக அனுப்புவது என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் போதும். அதில் அவசரத் தொலைபேசி எண், ஒவ்வாமை விவரம், புகைப்படம் எடுக்கச் சம்மதமா என்ற மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

4. எந்த அலுவலகமும் சொல்லித் தராத அனுமதி

மீன்பாசிக் குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரைப் போய்ப் பாருங்கள். இதை நான் தனித் தலைப்பாகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் இருபது பேர் கரையில் வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? அவர் பணம் கட்டி எடுத்திருக்கிறார். முதல் ஞாயிறு எங்களிடம் ஒருவர் கோபமாகத்தான் வந்தார். அடுத்த வாரம் நேரில் போய் உட்கார்ந்து பேசினோம், வலை வீசும் நாள் எது என்று கேட்டு அந்த நாட்களைத் தவிர்த்தோம். நத்தைகுத்தியின் அலகைப் பற்றிச் சொன்னாரே, அவர்தான் அது. கடைசி மூன்று நடைகளுக்கு அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி.

அதேபோல ஆடு மேய்ப்பவர்கள், துணி துவைக்க வருபவர்கள், பாசன சங்கத்துக்காரர்கள். காலையில் கரையில் ஒதுங்குபவர்களும் இருப்பார்கள், அவர்கள் சங்கடப்படாதபடி உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் முன்னால் அதே நேரத்தில் தனியாகப் போய் ஒரு தடவை நடந்து பார்த்தாலே எல்லாம் விளங்கும். பனைமரத்தில் கடந்தை என்கிற பெரிய குளவியின் கூடு இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

5. எப்போது நடத்துவது

வடகிழக்குப் பருவமழை ஓரளவு ஓய்ந்து ஏரி நிரம்பியிருக்கும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வலசைப் பறவைகளும் அப்போதுதான் இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒன்று என்று ஆறு நடை வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஜனவரி நடுவில் ஒரு நடையைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு சேர்த்துவிடுங்கள். 2015இலிருந்து நடக்கிறது, யார் வேண்டுமானாலும் பங்கெடுக்கலாம், வரைபவர்களுக்கு எண்ணிக்கையிலும் ஒரு பிடிப்பு வரும்.

காலை 6.15க்குக் கரையில் இருக்க வேண்டும், 8.30க்கு முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாளில் பட்டுக் கண் கூசும், பிள்ளைகள் கவனமும் போய்விடும். மழை நாளில் கரை வழுக்கும், முதல்நாள் இரவு ஏழு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் ரத்து என்று போட்டுவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஏரி வற்றிய கோடையிலும் ஒரு நடை வைக்க ஆசை வரும், நல்ல ஆசைதான், வெடித்த சேறு வரைய அவ்வளவு அழகு. ஆனால் மார்ச்சுக்கு மேல் ஆள்காட்டிக் குருவி தரையிலேயே முட்டை வைக்கும், முட்டை மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

6. பொருட்களும் செலவும்

இருபது பேர், ஆறு நடை. நாங்கள் செலவழித்த கணக்கை அப்படியே தருகிறேன், உங்கள் ஊர்க் கடையில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பரீட்சை அட்டை 20க்கு 900 ரூபாய். கார்ட்ரிட்ஜ் தாள் பெரிய அளவில் 30 வாங்கி ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினோம், 420. 2பி பென்சில் 30க்கு 240. பன்னிரண்டு நிற நீர்வண்ணக் கட்டிப் பெட்டி இருவருக்கு ஒன்றாகப் பத்து, 700. தூரிகை 20க்கு 500. சுண்டலும் மோரும் நடைக்கு 400 வீதம் 2,400. காடாத் துணி ஐந்து மீட்டர் 300, கயிறும் மரக் கிளிப்பும் 150, முதலுதவிப் பெட்டி 350, ஜெராக்ஸ் 120. ஆக மொத்தம் 6,080. பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் ஆறு நடைக்கும் சேர்த்துத் தலைக்கு 400 வாங்கினோம், பிள்ளைகளுக்கு இலவசம். குறைந்த 1,280ஐ நாங்கள் இருவரும் போட்டுக்கொண்டோம். கணக்கை மாதா மாதம் குழுவில் போட்டுவிடுங்கள், பின்னால் பேச்சு வராது. இதற்காகச் சங்கம், டிரஸ்ட் எதுவும் பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதல் நடைக்குச் சாதாரண ஜெராக்ஸ் தாள் கொடுத்தோம், தண்ணீர் பட்டதும் சுருண்டு கிழிந்தது, முதல்முறையாக வரைய வந்த ஒரு அம்மா தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள், 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் வாங்குங்கள். தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை, பறவை பார்ப்பவர் யாரிடமாவது ஒன்று கிடைக்கும், சுற்றிச் சுற்றிக் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

பிளெக்ஸ் பேனர், தெர்மாகோல், மினுக்குத் தூள் மூன்றும் வேண்டவே வேண்டாம். காடாத் துணியில் கையால் எழுதுங்கள்.

7. கரையில் என்ன செய்வது

வந்தவுடன் பென்சிலைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதுதான் நான் என்று வைத்துக்கொண்டு, காதில் விழும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்த இடத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். நாமக்கோழியின் சத்தத்துக்கு ஒரு குறி, டிராக்டருக்கு ஒரு குறி, மதகில் தண்ணீர் விழுவதற்கு ஒரு குறி. எனக்கு வரையத் தெரியாது என்று சொல்பவர்கள் எல்லோரும் இதைச் செய்துவிடுவார்கள், பயம் போய்விடும்.

அடுத்தது தாளைப் பார்க்காமல் வரைவது. கண் பனைமரத்தை விட்டு நகரக் கூடாது, கை தன் போக்கில் போகட்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். இரண்டு நிமிடம் ஒரு பொருளை விடாமல் பார்த்த அனுபவம் பலருக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாவதாக ஒரே ஒரு பொருளை அரை மணி நேரம். ஆகாயத்தாமரை, அதாவது வெங்காயத்தாமரை நல்ல தொடக்கம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை அடைக்கும் செடி என்பதால் பறிக்கத் தயங்க வேண்டாம். காம்பில் வீங்கியிருக்கும் பகுதியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள் தெரியும், அது ஏன் மிதக்கிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. வேரோடு எடுத்ததைத் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள், கரை மேல் காயவிடுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், மதகுப் படியில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, மனதில் எழுந்த ஒரு கேள்வி, இந்த நான்கும் கட்டாயம். ஆறாவது நடை முடிந்து தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது தண்ணீர் நான்கு படி இறங்கியிருந்தது. கூட வந்த ஏழாம் வகுப்புப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ நாத்தங்காலுக்குப் போனது இந்தத் தண்ணியா?" என்று கேட்டாள். அவள் வீடு ஏரிக்குக் கீழேதான் இருக்கிறது.

இடத்தை மாற்றாதீர்கள் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். ஒவ்வொருவரும் முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே ஆறு தடவையும் உட்காரட்டும். மூன்றாவது நடையில் சலிப்பு வரும், புது இடம் போகலாமா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், நான்காவது நடையில் அவர்களே என் மரத்தில் கிளை ஒடிந்திருக்கிறது என்று வந்து சொல்வார்கள்.

8. மண்ணிலிருந்து நிறம்

ஒரு நடையை இதற்கு ஒதுக்குங்கள். கருவேலம் பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். சில சொட்டுத் தேன் சேர்த்தால் காய்ந்ததும் வெடிக்காது. செம்மண், கரி, செங்கல் தூள், வண்டல் எதுவானாலும் நன்றாக அரைத்து மல்துணியில் சலித்துப் பிசின் நீரில் குழைத்தால் வண்ணம் தயார். ஏரியில் மண் அள்ளப் போகாதீர்கள், அதற்குத் தனி அனுமதி முறை இருக்கிறது, ஒரு கைப்பிடி என்றாலும் கேள்வி வரும். ஊரில் குயவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

மஞ்சளும் பூச்சாறும் பார்க்க அழகு, ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை விட்டு நிறம் மாறுவதைக் காட்டி மகிழலாம், காட்சிக்கு வைக்கும் படத்துக்கு மட்டும் மண் நிறத்தையே எடுங்கள்.

9. பொறுக்கி வரக் கூடாதவை

இறகும் கூடும்தான் பிள்ளைகள் முதலில் எடுப்பது. காட்டுப் பறவைகளின் இறகு, முட்டை, கூடு எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் வரையறைக்குள் வருபவை, கீழே கிடந்தது என்பது பதில் ஆகாது. அங்கேயே வைத்து வரையுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். பறவையை வரவழைக்கச் செல்பேசியில் அதன் குரலைப் போடாதீர்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு இணையத்தில் போடுவதும் வேண்டாம். கண்காட்சிக்காக மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கயிறு கட்டினால் போதும்.

10. காட்சி வைப்பது

மண்டபம் எடுத்து வாடகை கொடுக்க வேண்டாம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், அன்றைக்கு ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் டீக்கடைத் திண்ணையில் கயிறு கட்டி மரக் கிளிப்பில் மாட்டினோம். மண்டபத்துக்கு வராதவர்கள் டீக்கடைக்கு வருவார்கள். கீழே பச்சரிசி மாவில் ஏரியின் வடிவத்தைக் கோலமாகப் போட்டார்கள் தெருப் பெண்கள், வரத்துக்கால்வாய், மதகு, கலங்கல் எல்லாம் வைத்து. கல் மாவு கலக்காமல் போட்டதால் மதியத்துக்குள் எறும்பு வந்து பாதி ஏரியை எடுத்துப் போய்விட்டது, பிள்ளைகள் அதையும் உட்கார்ந்து வரைந்தார்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும். ஆறு தாள்களில் தண்ணீர் இறங்கியதைக் காட்டும் படங்களையும், வரத்துக்கால்வாய் அடைத்திருக்கும் இடத்தைக் குறித்த வரைபடத்தையும் அங்கே கொண்டுபோங்கள். பேச்சாகச் சொல்வதோடு விடாமல், கால்வாயைத் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கையை எழுதிக் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். எங்கள் கோரிக்கை பதிவாகியிருக்கிறது, வேலை இன்னும் தொடங்கவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

11. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்

எல்லாவற்றையும் செல்பேசியில் ஸ்கேன் செய்து தேதி வாரியாக வையுங்கள். அசல் தாள்களை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு தாள் மட்டும் கேட்டு வாங்கி ஊர் நூலகத்தில் ஒரு கோப்பாகக் கொடுங்கள். காய்ந்த வேப்பிலையைக் காகித உறையில் போட்டு உள்ளே வைத்தால் பூச்சி அண்டாது, மழைக்கு முன்னால் ஒரு தடவை மாற்றுங்கள். அடுத்த வருஷத்துக் கடிதத்தை அக்டோபர் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். பழைய முத்திரைப் பிரதியை அதோடு இணைக்க மறக்காதீர்கள்.